யோகாவா, அட்டையா, கொப்பியா? சின்னப் பிள்ளைகளுக்கு ஜப்பானியச் சொற்கள்

பிள்ளைக்கு ஜப்பானிய மொழி பழக்கினால் என்ன என்று கேட்கிற பெற்றோரை யாழ்ப்பாணத்தில் இப்போது சாதாரணமாகச் சந்திக்கலாம். காரணம் தேடத் தேவையில்லை. 2019இல் இலங்கையும் ஜப்பானும் ‘குறிப்பிட்ட திறன் பெற்ற தொழிலாளர்’ திட்டத்துக்கான உடன்பாட்டில் கைச்சாத்திட்டன. அந்த வழியில் போகிறவர் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்ச்சிப் பரீட்சையில் என்4 மட்டத்தையோ, அதற்கு ஈடாக ஏற்கப்படும் அடிப்படை மொழிப் பரீட்சையையோ தாண்ட வேண்டும். பெரியம்மாவின் மகன் கொழும்பில் தங்கி அதற்குப் படிக்கிறார், பக்கத்து வீட்டு அக்கா முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போய்விட்டா என்று கதைகள் வீட்டில் புழங்கும்போது, ‘சின்னவனுக்கு இப்பவே தொடங்கினால் என்ன?’ என்ற எண்ணம் வரத்தான் செய்யும்.

தொடங்கலாம். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு விசாவும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம். காது பழக வேண்டும், கொஞ்சச் சொற்கள் நாவில் நிற்க வேண்டும், அடுத்த சனிக்கிழமையும் வர ஆசைப்பட வேண்டும். அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை ஐந்து முதல் ஒன்பது வயது வரையான பிள்ளைகளைப் பற்றியது. ஊர்ச் சனசமூக நிலையத்தின் மண்டபம், சனிக்கிழமை காலையில் ஒரு மணித்தியாலம், பத்துப் பதினைந்து பிள்ளைகள், அடிப்படை ஜப்பானியம் தெரிந்த ஒரு அக்கா அல்லது அண்ணா. கையில் இருப்பது இவ்வளவு என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒரு மணித்தியாலத்தை எப்படிச் செலவழிப்பது? எளிய யோகாசனங்களோடு சொல் பழக்குவது ஒரு வழி. அட்டை விளையாட்டு, ஜப்பானியரின் வானொலி உடற்பயிற்சி, கொப்பியில் எழுத்து, கையில் போன் என்று வேறு வழிகளும் உண்டு. எது ‘நல்ல முறை’ என்று விவாதித்தால் விடியும் வரை விவாதிக்கலாம். எந்த முறை எந்தச் சொற்களைச் சுமக்கும் என்று பார்த்தால் முடிவு கெதியாக வரும்.

கொப்பியில் தொடங்கினால்

படிப்பு என்றாலே நாங்கள் முதலில் கொப்பி வாங்குகிற ஆட்கள். ரியூசன் பழக்கம். அதனால் பலருக்கும் முதலில் தோன்றுவது ஹிரகனா எழுத்தில் தொடங்குவதுதான். அடிப்படை எழுத்துகள் 46. கதகனா என்ற இரண்டாவது எழுத்து வரிசை இன்னொரு 46. சீனத்திலிருந்து வந்த கன்ஜி எழுத்துகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். தரம் 2 பிள்ளை தமிழை இப்போதுதான் தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசிக்கத் தொடங்கியிருக்கும், பக்கத்தில் ஆங்கிலம் ஓடுகிறது, சிங்களமும் வந்து சேரும். நாலாவது எழுத்தையும் தலையில் ஏற்றினால் முதல் இரண்டு மாதமும் கோடு வளைப்பதிலேயே போய்விடும். வாயில் ஒரு சொல்லும் சேராது.

சரி, எழுத்தை விடுவோம், தமிழ் எழுத்திலேயே எழுதிக் கொடுப்போம் என்றால் அதில் வேறு வில்லங்கம். தலைக்கு ஜப்பானியத்தில் அதமா. தமிழ்ப் பிள்ளை இதை வாசித்தால் நடுவில் உள்ள ‘த’ மெலிந்துவிடும். அங்கே அது வல்லோசையோடு வரவேண்டும். அதற்காக அத்தமா என்று எழுதினால் ஓசை இரட்டித்துவிடுகிறது. ஜப்பானியத்தில் இரட்டிப்பதும் இரட்டிக்காததும் வேறு வேறு சொற்கள்: கிதே என்றால் ‘வா’, கித்தே என்றால் தபால் முத்திரை. பூனைக்குச் சொல்லும் நெகோவிலும் இதே தொல்லை. நடுவில் உள்ள ‘க’ நாங்கள் ‘பகல்’ என்று சொல்லும்போது வருவது போல வரக் கூடாது. அதே எழுத்தில் எழுதினாலும் வலது பக்கத்தைக் குறிக்கும் மிகியில் அது மெலிந்தே வர வேண்டும். இந்தக் கட்டுரையில் தமிழில் எழுதியிருக்கிற எல்லாச் சொற்களுக்கும் இது பொருந்தும். பிள்ளைகளிடம் போக முன்னர் ஒவ்வொன்றையும் ஒருக்கால் ஒலிப்பதிவில் கேட்டுவிடுங்கள்.

ஆக, எழுத்தைத் தொடாமல் காது வழியாகப் போகிற முறைதான் வேண்டும். அதில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கொடுப்பினையும் உண்டு. ஜப்பானியத்தில் அ, இ, உ, எ, ஒ என ஐந்து உயிர்கள், அவற்றுக்குக் குறிலும் நெடிலும். ஒபசன் என்றால் மாமி வயதுப் பெண், ஒபாசன் என்றால் பாட்டி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் திணறுகிற இடம் இது. படத்துக்கும் பாடத்துக்கும் வித்தியாசம் தெரிந்த பிள்ளை திணறாது.

போன்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொழிச் செயலிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே ஜப்பானியம் சொல்லித் தருகின்றன. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது இரட்டைச் சுமை. தமிழில் குரல் மாற்றிய ஜப்பானியக் கார்ட்டூன் எவ்வளவு பார்த்தாலும் ஜப்பானியம் வராது. மூலக் குரலில் பார்த்தால் காது பழகும், ஆனால் கார்ட்டூன் வீரர்கள் பேசுவது பெரியவர்களிடம் பேசக்கூடிய பேச்சாக இருப்பதில்லை. போனை ரீச்சர் வைத்திருக்கட்டும், உச்சரிப்பைச் சரிபார்க்க. பிள்ளையின் கையில் வேண்டாம்.

யோகா

உடம்பை அசைத்து மொழி பழகுவது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1960களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர், கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்து காட்டும் முறையை ஆராய்ந்தார். குழந்தை பேசத் தொடங்க முன்னரே ‘இங்கே வா’, ‘பந்தை எடு’ என்பவற்றுக்கு உடம்பால் பதில் சொல்கிறது அல்லவா, அந்த வரிசையிலேயே இரண்டாம் மொழியையும் பழகலாம் என்பது அவருடைய வாதம். அவர் தொடக்கத்தில் சோதித்துப் பார்த்த மொழிகளில் ஜப்பானியமும் ஒன்று. எழும்பு, நட, நில், திரும்பு, இரு என்ற வகைக் கட்டளைகள்தான்.

யோகாவில் இதற்கு மேலாக ஒன்று கிடைக்கிறது. பல ஆசனங்களின் பெயரே விலங்காகவோ பொருளாகவோ இருக்கிறது. ஜப்பானில் யோகா வகுப்புகளில் வடமொழிப் பெயர்களை விடச் சாதாரணச் சொற்களையே கூடப் புழங்குகிறார்கள்: நெகோ நொ போஸு என்றால் பூனையின் நிலை, கி நொ போஸு மரத்தின் நிலை, ஹஷி நொ போஸு பாலத்தின் நிலை. ‘நொ’ எங்கள் ‘இன்’ உருபு நிற்கிற இடத்திலேயே நிற்கிறது. நாலு ஆசனம் செய்தால் பிள்ளை நாலு சொல்லோடு ஒரு வேற்றுமை உருபையும் சேர்த்தே விழுங்கிவிடும், இலக்கணம் என்று ஒருவரும் வாய் திறக்கத் தேவையில்லை.

தனித்தனி ஆசனமாகச் செய்தால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். கதையாகக் கோக்க வேண்டும். அதற்கு எங்கள் ஊரிலேயே நல்ல பாதை இருக்கிறது: பண்ணையில் தொடங்கி நெடுந்தீவு வரை. பண்ணைப் பாலத்துக்கு ஹஷி, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது. குறிகட்டுவானில் படகு, ஃபுனே, இருந்துகொண்டு காலை உயர்த்தி ஆடுவது. கடல் உமி, இரண்டு கையாலும் அலை. கீழே மீன், சகனா. யோகாவில் மச்சாசனம் என்று ஒன்று இருந்தாலும் அது கழுத்தை வளைப்பது, சின்னவர்களுக்கு வேண்டாம், குப்புறப் படுத்து நெளிந்தால் போதும். நண்டு கனி, கையையும் காலையும் பின்னுக்கு ஊன்றிப் பக்கவாட்டில் நடப்பது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு நண்டைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஆமை கமே. வானத்தில் பறவை தொரி. நெடுந்தீவில் இறங்கினால் குதிரை உமா, அங்கே காட்டுக் குதிரைகள் திரிவது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். கடைசியில் பெருக்க மரம், ஒற்றைக் காலில் நிற்கும் கி. ஒரு பயணத்தில் ஒன்பது சொல். சொற்களுக்குள் தொடர்பு இருப்பதால் ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும். உமியும் உமாவும் ஓசையில் கிட்ட இருப்பதால் முதலில் குழப்பும். அந்தக் குழப்பத்தில் வரும் சிரிப்பே இரண்டையும் பிரித்து வைத்துவிடும்.

யமா என்ற மலைதான் சிரமம். தாடாசனத்தை ஜப்பானியர் மலை நிலை என்கிறார்கள். குடாநாட்டில் மலைக்கு எங்கே போவது? கீரிமலையில் பெயரில்தான் மலை இருக்கிறது. அதனால் யமாவைக் கண்டிப் பயணக் கதைக்கு ஒதுக்கிவிடலாம்.

இனி வினைச்சொற்கள். தத்தே எழும்பு, சுவத்தே இரு, தொமத்தே நில். தெ ஒ அகெதே என்றால் கையை உயர்த்து: தெ கை, ஒ இரண்டாம் வேற்றுமை, அகெதே உயர்த்து. சொல் வரிசை அப்படியே தமிழின் வரிசை. இந்த ஒற்றுமையைச் சொன்னவுடன் யாராவது ஒருவர் ‘தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பமாமே’ என்று தொடங்குவார். அந்தக் கருத்தை வலியுறுத்தியவர் ஜப்பானியப் பேராசிரியர் சுசுமு ஓனோ. அவரோடு சேர்ந்து உழைத்தவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும். அதனால் இந்த ஊரில் அந்தக் கருத்துக்குச் செல்வாக்கு அதிகம். மொழியியலாளர் பெரும்பாலானோர் அந்த உறவை ஏற்கவில்லை. உறவு இருக்கோ இல்லையோ, வினை கடைசியில் வருவதும் உருபு பெயருக்குப் பின்னால் வருவதும் கண்முன்னே இருக்கிற விஷயம். வகுப்புக்கு அது போதும்.

இவற்றை எல்லாம் விட யோகா வெல்கிற இடம் இன்னொன்று. ஜப்பானியம் இரட்டைச் சொற்கள் நிறைந்த மொழி. எங்கள் சலசல, கலகல, மளமள போன்றவை அங்கே அன்றாடப் பேச்சில் கொட்டிக் கிடக்கின்றன. மரம் யுரா யுரா என்று அசையும், பாம்பு ந்யொரோ ந்யொரோ என்று ஊரும், தவளை ப்யொன் ப்யொன் என்று பாயும், சுற்றினால் குரு குரு. இவற்றைப் படமாக வரைய முடியாது, மொழிபெயர்த்தாலும் உயிர் போய்விடும். உடம்பால் செய்தால் விளக்கமே வேண்டாம். விருட்சாசனத்தில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்து யுரா யுரா என்று ரீச்சர் சொன்னதும் காடே ஆடும். விலங்குகளின் சத்தமும் அப்படித்தான். ஜப்பானிய நாய் வன் வன் என்று குரைக்கிறது, தவளை கெரோ கெரோ என்கிறது. எங்கள் வீட்டு நாய் ‘வள் வள்’ என்கிறது, அங்கே போனால் அதற்கு விளங்குமா என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கினால் வகுப்பு சரியான பாதையில் போகிறது என்று அர்த்தம்.

இனிக் குறைகள். யோகாவைத் தெரிவு செய்பவர் இவற்றைத் தெரிந்துகொண்டே தெரிவு செய்ய வேண்டும்.

பின்வரிசைப் பிள்ளை ரீச்சரைக் கேட்பதில்லை, முன்வரிசைப் பிள்ளையைப் பார்க்கிறது. கமே என்றதும் பதினைந்து பேரும் ஆமையாகக் குனிந்தால், பதினைந்து பேருக்கும் சொல் தெரியும் என்று நினைக்கக் கூடாது. மூன்று பேருக்குத் தெரிந்திருக்கலாம். இடைக்கிடை கண்ணை மூடச் சொல்லியோ, ஆளுக்கொரு திசையில் திருப்பிவிட்டோ செய்யவைத்தால்தான் உண்மை வெளிவரும்.

அதைவிடப் பெரியது, உடம்பு பதில் சொல்வதால் வாய் சும்மா இருந்துவிடும். மாதக்கணக்கில் யோகா செய்த பிள்ளை எல்லாச் சொல்லையும் விளங்கிக்கொண்டு ஒன்றையும் சொல்லாமல் இருக்கலாம். ஆரம்பத்தில் அது பரவாயில்லை. பேச்சுக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதுதான் ஆஷரின் முறையும். ஆனால் மூன்று நாலு வகுப்புக்குப் பிறகு முறை மாற வேண்டும்: ஒரு பிள்ளை முன்னுக்கு வந்து கட்டளை சொல்ல, மற்றவர்களும் ரீச்சரும் செய்ய வேண்டும். பெரிய ஆளைக் குதிரையாக ஓடவிடும் அதிகாரம் கிடைத்தால் வாயே திறக்காத பிள்ளையும் திறக்கும். அங்கேயே மரியாதையையும் பழக்கிவிடலாம். தங்களுக்குள் என்றால் தத்தே, ரீச்சருக்கு என்றால் தத்தே குதசாய். ‘எழும்பு’ என்பதற்கும் ‘எழும்புங்கோ’ என்பதற்கும் உள்ள இடைவெளி எங்கள் பிள்ளைகளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும்.

வடமொழிப் பெயர்களை இந்த வகுப்பில் விட்டுவிடுங்கள். புஜங்காசனம், பாம்பு, ஹெபி என்று ஒன்றுக்கு மூன்று பெயர் போனால் மூன்றும் கலங்கும். யோகாவை முறையாகப் பழக்குவது வேறு வகுப்பு, வேறு நேரம். நமஸ்காரம், மந்திரம் எதுவும் சேர்க்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குருநகர், பாசையூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெற்றோரும், ஐந்து சந்திப் பக்கத்து முஸ்லிம் பெற்றோரும் ‘இது சமய விஷயமோ?’ என்று கேட்டால், ‘விலங்குபோல உடம்பை வளைக்கிற விளையாட்டு’ என்று மனச்சாட்சியோடு சொல்ல முடிய வேண்டும். முதல் நாளே பெற்றோரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுவது நல்லது.

உடம்பு சம்பந்தமாக: காலையில் புட்டும் சம்பலும் வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு குனிய வைக்கக் கூடாது, இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். சிரசாசனம், மூச்சடக்குவது இரண்டும் இல்லை. ஒரு நிலையில் ஐந்து எண்ணும் நேரம் போதும்: இச்சி, நி, சன், ஷி, கொ. பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பத்து மணிக்கு மேல் இதைச் செய்வது வதை.

கடைசிக் குறை, முக்கியமானது. யோகா சுமக்கிற சொற்கள் ஒரு வட்டத்துக்குள் அடங்கியவை: உடல் உறுப்பு, விலங்கு, இயற்கை, திசை, அசைவு, எண். சோறு, தண்ணீர், தம்பி, சிவப்பு, நாளை என்பவற்றுக்கு ஆசனம் இல்லை. வலிந்து உருவாக்கினால் கோமாளித்தனமாகத்தான் முடியும்.

ஜப்பானியரின் வானொலி உடற்பயிற்சி

உடம்பை அசைத்துத்தான் பழக வேண்டும் என்றால் யோகா எதற்கு, ஜப்பானியரே செய்கிற பயிற்சி இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ராஜியோ தாய்சோ என்ற வானொலி உடற்பயிற்சி 1928இல் தொடங்கியது. இப்போது எல்லோருக்கும் தெரிந்த முதலாம் பயிற்சி 1951இலிருந்து வருவது. பியானோ இசைக்கு மூன்று நிமிடமளவில் முடிந்துவிடும். ஒவ்வொரு காலையும் ஆறரைக்கு என்.எச்.கே. வானொலியில் போகும். கோடை விடுமுறையில் பிள்ளைகள் அட்டையோடு வந்து பயிற்சி செய்து, வந்ததற்கு முத்திரை குத்திக்கொண்டு போவார்கள். ஜப்பானின் ஆறரை எங்களுக்கு அதிகாலை மூன்று மணி என்பதால் நேரடியாகக் கேட்கும் யோசனையைக் கைவிட்டு ஒலிப்பதிவைப் போட வேண்டியதுதான்.

அசல் ஜப்பானியக் குரல், அசல் வேகம், அந்நாட்டுப் பிள்ளைகள் செய்வதையே நாங்களும் செய்கிறோம் என்ற பெருமை, மூன்றும் கிடைக்கும். ரீச்சரின் உச்சரிப்பு எவ்வளவு சுமாராக இருந்தாலும் பாதிக்காது. ஆனால் சொல் பழக்கும் கருவியாக அது மெலிந்தது. அறிவுறுத்தல்கள் வேகமாக ஓடிவிடும், பிள்ளையின் காதில் நிற்பது பெரும்பாலும் எண்கள் மட்டுமே. அதிலும் இசை எட்டு எட்டாக எண்ணுவதால் இச்சியிலிருந்து ஹச்சி வரை வடிவாக வரும், ஒன்பதும் பத்தும் வராது. வகுப்பைத் தொடங்குகிற மணியாக அதை வைத்துக்கொள்ளலாம். வருகைக்கு முத்திரை குத்தும் அட்டையையும் கடன் வாங்கலாம், செலவில்லாத நல்ல தூண்டில்.

அட்டை

யோகாவுக்கு உண்மையான போட்டி இதுதான். கருதா என்பது ஜப்பானியப் பிள்ளைகள் புத்தாண்டுக் காலத்தில் விளையாடும் அட்டை விளையாட்டு. ஒருவர் வாசிப்பார், தரையில் பரப்பியிருக்கும் அட்டைகளில் பொருத்தமானதை யார் முதலில் அடித்து எடுக்கிறாரோ அவருக்கே அது. 304 என்ற சீட்டு விளையாடுகிற பெரியவர்களின் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அட்டையை நிலத்தில் அடிப்பது எப்படி என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

அசல் கருதாவில் பழமொழிகள், கவிதைகள் இருக்கும். எங்களுக்குப் படமும் ஒற்றைச் சொல்லும் போதும். சப்பாத்துப் பெட்டி மட்டையை வெட்டிப் பிள்ளைகளே படம் கீறலாம். யோகா தூக்க மாட்டாத சொற்கள் எல்லாம் இங்கே ஏறும். சோறு கொஹன், தண்ணீர் மிசு, முட்டை தமகோ. நிறங்கள். குடும்பம்: அண்ணா ஒனீசன், அக்கா ஒனேசன், தம்பி ஒதோதோ, தங்கச்சி இமோதோ. மூத்தவர் இளையவர் வேறுபாட்டுக்கு எங்களைப் போலவே நாலு சொல் வைத்திருப்பதால் பிள்ளை நேரே பொருத்திக்கொள்ளும். அம்மம்மாவுக்கும் அப்பம்மாவுக்கும் மட்டும் ஒரே சொல், ஒபாசன்தான். ‘அப்ப எந்த அம்மம்மா எண்டு எப்படித் தெரியும்?’ என்ற கேள்விக்குத் தயாராக இருங்கள்.

அட்டையின் குறை வேகம். எட்டு வயது அக்கா பத்து அட்டை எடுக்கும்போது ஐந்து வயதுத் தம்பி ஒன்றும் எடுக்காமல் அழுதுகொண்டு வீட்டுக்குப் போவான், அடுத்த கிழமை வரமாட்டான். யோகாவில் தோற்பதற்கு வழியே இல்லை, கோணலான ஆமையும் ஆமைதான். அதனால் வயது கலந்த வகுப்பில் அட்டையைத் தனியாளாக விளையாட விடாமல், பெரியதும் சின்னதுமாகச் சோடி சேர்த்துவிட வேண்டும். கேட்டு எடுப்பது மட்டும் பழகி வாய் பழகாமல் போகும் ஆபத்து இங்கேயும் உண்டு. பரிகாரமும் அதேதான்: வென்ற சோடி அடுத்த சுற்றில் சொல்லும் ஆளாகட்டும்.

எதைத் தெரிவு செய்வது?

ஒன்றையே தெரிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், ஐந்து, ஆறு, ஏழு வயதுக்கு யோகா. எட்டு, ஒன்பதுக்கு அட்டை. அந்த வயதில் சிலருக்கு நண்டாக நடப்பது வெட்கமாக இருக்கும், வெல்வதில்தான் ருசி.

சொல்லித் தருபவர் யார் என்பதும் தீர்மானத்தை மாற்றும். யோகா வகுப்பில் கட்டளை முழுவதும் ரீச்சரின் வாயிலிருந்து வருவதால், பிழையான உச்சரிப்பு பதினைந்து உடம்பிலும் பதிந்துவிடும், பிறகு கழற்றுவது கடினம். யோகா நன்றாகத் தெரிந்தும் ஜப்பானியம் அரைகுறையாகத்தான் தெரியும் என்றால், அட்டையையும் வானொலிப் பயிற்சியையும் வைத்து, ஒலிப்பதிவை வாசகராக்கிவிடுங்கள். ஜப்பானியம் நன்றாகத் தெரிந்து யோகா தெரியாது என்றால் பயமில்லை. இங்கே தேவைப்படும் பூனை, ஆமை, மரத்துக்கு யோகா ஆசிரியர் வேண்டியதில்லை, மேலே சொன்ன கட்டுப்பாடுகளை மீறாமல் இருந்தால் போதும்.

கட்டாயம் இல்லை என்றால் இரண்டையும் சேர்ப்பேன், ஆனால் ஒரே கிழமையில் ஒரே சொற்களைக் கொண்டு. முதலில் வானொலிப் பயிற்சி மூன்று நிமிடம். பிறகு தீவுப் பயணம் இருபது நிமிடம், பழைய சொற்களோடு புதிதாக நாலைந்து மட்டும். தண்ணீர் குடிக்க விடும்போது மிசு குதசாய் என்று கேட்டால்தான் தண்ணீர். அதற்குப் பிறகு அட்டை: இன்று உடம்பால் செய்த சொற்களின் படங்களும், உடம்பால் செய்ய முடியாத சில புதுச் சொற்களும் கலந்து. உடம்பில் கேட்ட சொல் அரை மணித்தியாலத்துக்குள் படத்தில் திரும்ப வரும்போது எது நின்றது எது போனது என்பது ரீச்சருக்கு அங்கேயே தெரிந்துவிடும், தனியாகச் சோதனை வைக்கத் தேவையில்லை. கடைசிப் பத்து நிமிடம் ஒரு பிள்ளை ரீச்சராக.

ஹிரகனாவை எப்போது தொடங்குவது? ஐம்பது அறுபது சொற்கள் வாயில் நின்ற பிறகு, அட்டையின் ஓரத்தில் அந்தச் சொல்லை ஹிரகனாவில் எழுதி வையுங்கள், ஒன்றும் சொல்லாமல். எட்டு வயதுக்காரர் யாராவது ‘இது என்ன கீறல்?’ என்று கேட்கும். அன்றைக்குத் தொடங்கலாம். தெரிந்த சொல்லுக்கு எழுத்து பொருத்துவது, தெரியாத எழுத்தை நாற்பத்தாறு தடவை கீறுவதைப் போல் அலுப்பு அடிக்காது.

தரம் 5 பிள்ளைகளை இந்த வகுப்புக்குள் இழுக்க வேண்டாம். புலமைப்பரிசில் பரீட்சை முடியட்டும். பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் சரிவராது. அவர்களுக்கு எழுத்தோடு தொடங்குகிற ஒழுங்கான வகுப்பே நல்லது. ஜப்பான் அறக்கட்டளை வெளியிட்டிருக்கும் இரோதோரி பாடநூலை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், ஒலிப்பதிவும் கூடவே கிடைக்கும். ஜப்பானில் வாழப்போகும் பெரியவர்களுக்காக எழுதப்பட்டது என்பதால் கடை, வேலைத்தலம், வைத்தியசாலை என்று நடைமுறைப் பேச்சாகவே இருக்கும். உயர்தரத்தில் ஜப்பானிய மொழி ஒரு பாடமாகவும் இருக்கிறது. அந்த எண்ணம் உள்ள பிள்ளை சாதாரண தரம் முடிய முன்னரே ஹிரகனா, கதகனா இரண்டையும் முடித்து வைத்திருப்பது நல்லது.